வாயாரக் கூப்பிட ஒரு பேர்

மைக்கை வாயருகே பிடித்தபடி மதினி நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா அன்று சாயங்காலம். தேரடிக்குப் பக்கத்தில் தென்னந்தட்டி வைத்துக் கட்டிய ஒரு சின்னப் பந்தல். உள்ளே ஒரு மேசை. மேசைக்கு மேலே ஆம்ப்ளிஃபயர், கீழே இசைத்தட்டுப் பெட்டிகள், பின்னால் நான். வாசலில் ‘காணாமல் போனோர் அறிவிப்பு’ என்று ஒரு அட்டை தொங்கியது. அந்த வருஷம் காணாமல் போனது எங்கள் வீட்டுப் பிள்ளை. அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே மகள். ஐந்து வயது.

சங்கரன்கோவிலில் ஒரு மைக்செட் கடையில் எனக்கு வேலை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எங்கே என்றாலும் முதலில் போய் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்கிற வாய் என்னுடையது. உடம்பில் மற்ற எந்த உறுப்பும் வேலைக்கு லாயக்கில்லை என்பது எங்கள் முதலாளியின் கருத்து.

பிள்ளையைக் காணவில்லை என்றதும் தொழில்முறைப்படி குரலைக் கனமாக்கிக்கொண்டேன். “கோமதி என்ற ஐந்து வயதுக் குழந்தை, பச்சைப் பாவாடை அணிந்தவள், எங்கிருந்தாலும் தேரடிப் பந்தலுக்கு அழைத்து வரவும்” என்று மூன்று தடவை அறிவித்தேன்.

பத்து நிமிஷத்தில் பதினோரு கோமதிகள் வந்து சேர்ந்தார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் அம்மன் பெயர் கோமதி. சுவாமி சங்கரநாராயணர். ஆகவே பெண் பிறந்தால் கோமதி, ஆண் பிறந்தால் சங்கரன். வீட்டில் இரண்டையும் ஏற்கெனவே வைத்துத் தீர்த்துவிட்டார்கள் என்றால் கோமதிநாயகம். நான் கோமதிநாயகம். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் ஐந்து கோமதிநாயகங்கள் இருந்தோம். வாத்தியார் என்னை ‘மூக்கு கோமதிநாயகம்’ என்று கூப்பிடுவார். இந்தத் தொடரின் மேலே என் படம் போடுகிறார்கள். காரணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வந்த பதினோரு பேரில் நாலு பேர் பச்சைப் பாவாடை. ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். “என்னைய எதுக்குய்யா கூப்பிட்டிய?” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எங்கள் கோமதி மட்டும் வரவில்லை.

“நீங்களே பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மதினி. பிள்ளைக்கு உங்க குரல் தெரியும்லா” என்று மைக்கைக் கொடுத்தேன்.

மதினி மைக்கைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எங்கள் அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினாள், ஏதோ அன்றைக்குத்தான் அதைக் கட்டி முடித்தார்கள் என்பதுபோல.

“ஏ… பாப்பா” என்றார் மதினி. “பாப்பா… அம்மா இங்கன இருக்கேன். வந்துரு தாயி.”

நாலு ரத வீதியிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் ‘பாப்பா, பாப்பா’ என்று அழுதன. தபசுக் கூட்டத்தில் எத்தனை ஆயிரம் பாப்பாக்கள்! அம்மா மடியில் சும்மா இருந்த பிள்ளைகள்கூட அதைக் கேட்டு அழ ஆரம்பித்தன.

மதினி ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று எங்கள் பக்கத்து வாசகர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் அம்மாவின் பெயரும் கோமதி. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பேத்திக்குப் பாட்டி பெயரைத்தான் வைக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தினோம். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத அம்மாக்கள் ஊர் நிறைய இருந்தார்கள்.

மேசைக்குக் கீழே

அரைமணி நேரம் கத்தியதில் என் தொண்டை போய்விட்டது. வெறுத்துப்போய் உட்கார்ந்து காலை நீட்டினேன். காலில் எதுவோ மெத்தென்று இடித்தது. இசைத்தட்டுப் பெட்டி “ம்ம்” என்றது.

குனிந்து பார்த்தால், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கோமதி. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

“இங்கனயா கெடந்த? கூப்பிட்டது கேக்கலையாட்டி?”

“சித்தப்பா கத்துதாவளேன்னு காதப் பொத்திக்கிட்டுப் படுத்தேன்” என்றாள்.

என் காலடியில் கிடந்த பிள்ளையை ஊர் முழுக்கத் தேடிய பெருமை எனக்கு உண்டு. முதலாளி அதைப் பத்து வருஷம் சொல்லிச் சிரித்தார்.

மதினி சிரிக்கவில்லை. அப்போது அவருக்கு ஏழு மாசம். பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

“கொழுந்தனாரே, பெத்த பிள்ள தொலைஞ்சு போயிருக்கு. அப்பவும் எனக்கு அந்தப் பேரு வாயில வரமாட்டேங்கு. இது என்ன சென்மம்?” என்றார். “இந்தா வயித்துல கெடக்குல்லா, இதுக்கு நான் வாயாரக் கூப்பிடுத மாதிரி ஒரு பேரு வைக்கணும். உங்க வீட்டுல ஒருத்தர் பேராவும் இருக்கக் கூடாது. இல்லேன்னா பேரே வேண்டாம்.”

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே, “சூதானமா நடங்கட்டி, கல்லு கெடக்கு” என்றாள். காதில் விழுந்ததா, இல்லையா? அம்மாவின் முதுகிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மாமனார் ஊருக்கு ஒரு டிக்கெட்

மதினிக்குச் சொந்த ஊர் இளையரசனேந்தல். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். கடகடவென்று பேசுவார். எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றே அந்த வாய்க்குப் பாதிப் பூட்டு விழுந்தது.

மாமனார், அதாவது எங்கள் அப்பா, பெயர் சங்கரநாராயணன். ஆகவே மதினியால் சங்கரன்கோவில் என்று சொல்ல முடியாது. குடியிருக்கிற ஊரின் பெயரையே சொல்ல முடியாமல் ஒருவர் வாழ முடியுமா? எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் வாழ்ந்தார்கள்.

ஒரு தடவை புளியங்குடியிலிருந்து மதினியோடு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் வந்து “எங்கம்மா?” என்றார். மதினி ஜன்னலைப் பார்த்தார். கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டே, “மாமனார் ஊருக்கு ஒண்ணு” என்று டிக்கெட்டைக் கிழித்தார். அந்த ரூட்டில் ஊர் பெயர் சொல்லாத பெண்களுக்கெல்லாம் சங்கரன்கோவில் டிக்கெட்தான். ஒரே ஒரு தடவைதான் தப்பாகிப் போனதாம். அந்த அம்மாளுக்கு வாயில் வெற்றிலை.

என் பெயரிலும் கோமதி இருப்பதால் நான் எப்போதும் ‘கொழுந்தனாரே’தான். அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் கூப்பிட்டதைவிட மரியாதையாக இருந்தது.

அஞ்சு, அப்பா, ஏழு

அண்ணன் பெயர் ஆறுமுகம். லாரி டிரைவர். புளியங்குடியில் எலுமிச்சங்காய் ஏற்றிக்கொண்டு பூனா வரை போவார்.

புருஷன் பெயரும் சொல்லக் கூடாதே. ஆகவே மதினியிடம் ஆறு என்ற எண் கிடையாது. மணி எத்தனை என்றால், “அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல” என்பார். கோமதிக்கு எண் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அஞ்சு வரை வந்ததும், “அடுத்தது உங்க அப்பா, அதுக்கடுத்து ஏழு” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் எழுந்து நின்று, “மூணு, நாலு, அஞ்சு, அப்பா, ஏழு” என்று ஒப்பித்தாள். டீச்சருக்கு ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. “எங்க வீட்டுல எட்டு கெடையாது” என்றாராம். அவர் வீட்டுக்காரர் எட்டப்பன்.

எண்ணோடு போனால் பரவாயில்லை. தண்ணீர் ஓடுகிற ஆறும் ஆறுதானே. அதையும் சொல்லக் கூடாது. ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் மதினி என்ன சொல்வார்?

அங்கேதான் துங்கபத்திரா வந்தது.

நதிக்கு வேறு பேர்

பூனா போகிற வழியில், கர்நாடகத்தில் ஒரு பெரிய பாலம். கீழே துங்கபத்திரா நதி. ஒவ்வொரு டிரிப்பிலும் அண்ணன் அங்கே லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிக் குளிப்பார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மிட்டாய்க்கு அலைவது போல மதினி அந்தக் கதைக்கு அலைவார்.

“துங்கபத்திராவுல தண்ணி எப்படி?”

“கரைய முட்டிக்கிட்டுப் போவுது. கெடா மாடு கணக்கா சத்தம்.”

வானம் பார்த்த ஊரில் பிறந்தவர் அல்லவா, கரை முட்டுகிற தண்ணீரை மதினி கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. நாளடைவில் எந்த நதிக்கும் அதுவே பெயர். தாமிரபரணி ‘திருநெல்வேலித் துங்கபத்திரா’. சிற்றாறு ‘தென்காசித் துங்கபத்திரா’. மழைக்காலத்தில் எங்கள் தெருச் சாக்கடை நிறைந்து ஓடினால் அதுவும் துங்கபத்திராதான்.

ஒரு நாள் மத்தியானம். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்த்தார். “துங்கபத்திரா. துங்கபத்திரா. எத்தன தடவ சொன்னாலும் ஒருத்தருக்கும் கோவம் வராது, பாத்தியளா கொழுந்தனாரே?”

ராட்டை நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“மதினி, நதி பேரையா பிள்ளைக்கு வைப்பாவ?”

“ஏன், காவேரின்னு வைக்கலையா? கங்கான்னு வைக்கலையா? இது என்ன பாவம் செஞ்சுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் பதில் தெரியாத இடத்தில் சும்மா இருக்கிற பழக்கம் எனக்கில்லை. “அது கன்னடப் பேரு” என்றேன்.

“நல்லதாப் போச்சு. உங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் கன்னடத்துல இல்ல.”

காதில் மூன்று தடவை

பெண் பிறந்தது. அம்மா ஆவுடையம்மாள் என்று வைப்பதாக ஏற்கெனவே அம்மனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆவுடையம்மாள் என்றால் கோமதி அம்மனேதான், இன்னொரு பெயர். எங்கள் பெரியம்மா பெயரும் அதுவே. மதினியின் பட்டியலில் அதுவும் பூட்டிய பெயர்.

பத்து நாள் வீடு இரண்டுபட்டது. கத்தல் இல்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மதினி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “ஆவுடையம்மான்னே வைங்க அத்த. நான் இதையும் பாப்பான்னு கூப்பிட்டுக்கிடுதேன்” என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அண்ணன் பூனாவிலிருந்து வந்தார். விஷயத்தையும் மதினி நினைத்திருந்த பெயரையும் அவரிடம் சொன்னேன். “அந்தத் தண்ணியில எறங்கினா எனக்கு ஊரு நெனப்பே போயிரும்மா. நல்ல தண்ணி. வைக்கட்டுமே” என்றார். அம்மா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, “என்னமும் செய்ங்க” என்றாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

பிள்ளையின் காதில் அத்தைதான் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும். பனவடலிசத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்த எங்கள் அக்கா வந்து இறங்கினாள். உச்சரிப்புப் பயிற்சி என் பொறுப்பு. ஊரிலேயே திருத்தமாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

“தூங்கபத்திரி” என்றாள் அக்கா.

“தூங்க இல்ல. துங்க.”

“துங்கபத்துரே.”

“அக்கா, நான் சொல்லுதத கேளு. துங்ங்க… பத்ரா” என்று வானொலியில் செய்தி வாசிக்கிற பாணியில் சொன்னேன்.

கட்டிலில் கிடந்த மதினி தலையைத் தூக்கினார். “கொழுந்தனாரே, நீங்க சொல்லுதது ரேடியோக்காரம் பிள்ள பேரு. எம்பிள்ள பேரு துங்கபத்திரா. எங்க, சொல்லுங்க?”

நானும் அக்காவும் சேர்ந்து சொன்னோம். உச்சரிப்பு வாத்தியார் வேலை அன்றோடு போனது.

அக்கா மூன்று தடவையும் சரியாகச் சொல்லிவிட்டாள். அடுத்து சீனித் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்து, ஒவ்வொருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பா கூப்பிட்டார். அண்ணன் கூப்பிட்டார். அம்மா முறை வந்தது. அம்மா சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். வாயைத் திறந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மதினியின் முகம் வெளுத்துவிட்டது. கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். “ஏலே, எங்க அம்மை பேரு என்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பத்திரகாளி” என்றேன். சொன்ன பிறகுதான் தலையில் இடி விழுந்தது.

எங்களை வழியனுப்பும்போது அம்மா எப்போதும் ‘சூதானமா’ என்பாள். பத்திரமாகப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுப் பத்திரம் அவளுக்கு ‘வீட்டுக் காயிதம்’. அப்பாவைப் பெற்ற ஆச்சி செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அம்மா அந்த நாலு எழுத்தை வாயில் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்த எனக்கு, பேச்சையே தொழிலாக வைத்திருந்த எனக்கு, அது தெரியாது.

மதினி தன் வாயில் வரக் கூடாத பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒரு பெயர் கண்டுபிடித்தார். மாமியாருக்கும் ஒரு காலத்தில் மாமியார் இருந்திருப்பார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

பச்சை உடம்புக்காரி எழுந்து பின்கட்டுக்குப் போனார். “அத்த, நான் நெனைக்கலையே அத்த. வேற பேரு மாத்திருவோம்” என்று அழுதார்.

அம்மா துணி அலசுகிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். “காதுல விழுந்த பேரு விழுந்ததுதான். மாத்தப்பிடாது” என்றாள். “தபசு அன்னைக்கு மைக்க வச்சிக்கிட்டு நீ முழிச்சத நான் பாத்தேன்லா. நீயாவது வாயாரக் கூப்பிடு. எனக்குத் துங்கா போதும். எந்திரி, ஈரத்துல நிக்காத.”

அம்மா அன்றைக்குக் கோபுரத்தை மட்டும் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முழுசாச் சொல்லுங்க

துங்கபத்திரா வளர்ந்தாள். மதினி நாளுக்கு நூறு தடவை அவளைக் கூப்பிட்டார். தேவை இருக்கிறதோ இல்லையோ, கூப்பிட்டார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கூப்பிட்டார். தெருக்கோடி வரை கேட்கும். பல வருஷம் பூட்டிக் கிடந்த வாய் அல்லவா.

தெருவுக்கு அந்தப் பெயர் எளிதில் வசப்படவில்லை. பால்காரர் ‘தங்கபத்திரம்’ என்றார். பால்வாடி ஆயா ‘துங்கம்மா’ என்று முடித்துக்கொண்டார். மதினி மகளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தார். “யாரு கொறையாச் சொன்னாலும் திரும்பிப் பாக்காத. முழுசாச் சொல்ல வையி.”

பிள்ளை அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து, “துங்கா, கையக் காட்டு” என்றார். “முழுசாச் சொல்லுங்க. அப்பத்தான் காட்டுவேன்” என்றாள். மனிதர் நாலாவது முயற்சியில் தேறினார். பிறகு ஊசி போட்டதும் அவள் அழுதது வேறு விஷயம். அழும்போதுகூட மரியாதையாக அழுதாள்.

அம்மாவுக்கு மட்டும் ‘துங்கா’ என்று கூப்பிட அனுமதி. அதுவும் வீட்டுக்குள்ளே மட்டும். வாசலைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

இந்தப் பிடிவாதத்தை மெச்சித்தான் எழுதுகிறேன். என்னை ‘மூக்கு’ என்று கூப்பிட்டபோதெல்லாம் நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

கம்பத்தில் நான்

அவளுக்கு நாலு வயதிருக்கும்போது இன்னொரு தபசு. அதே தேரடி, அதே பந்தல், அதே மேசை. மேசைக்குக் கீழே மட்டும் முதலில் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வேலையைத் தொடங்குவேன்.

அம்மா ஆடிச்சுத்து சுற்றிக்கொண்டிருந்தாள். நேர்ச்சைக்குக் கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றுவது. கையில் துங்கபத்திரா. மதினி வீட்டில்.

சாயங்காலம் நெருங்குகிறது. அம்மன் தவக்கோலத்தில் நிற்கிறாள். சுவாமி காட்சி கொடுக்கும்போது எறிவதற்காக, ஊர் ஊராக வந்த சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வடக்கு மூலைக் குழாய் ஒன்று கரகரத்தது. மைக்கை அணைக்காமல் போட்டது போட்டபடி ஓடினேன். கம்பத்தில் ஏறி, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒயரை முறுக்கினேன்.

குழாய் என் காதுக்குள் கத்தியது. “ஏலே கோமதிநாயகம்! எங்கலே போய்த் தொலைஞ்ச?”

அம்மாவின் குரல். காணாமல் போனோர் அறிவிப்பில் என் பெயரே வந்தது அந்த ஒரு தடவைதான். கம்பத்திலிருந்து விழாதது அம்மன் அருள்.

“பிள்ளையக் காணுமே! கையில பிடிச்சிருந்தேன், கூட்டம் இழுத்துட்டே! ஏ துங்கா… துங்கா… ஆச்சி இங்கன இருக்கேன்… துங்கா…”

இறங்கத் தொடங்கினேன். அவசரத்தில் வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஊர் பார்க்கத் தொங்கினேன்.

குழாயில் சத்தம் நின்றது. வெறும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். அதற்குள்ளே அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். “துங்க…” என்றாள். நிறுத்தினாள். மறுபடி “துங்க…”

பிறகு வந்தது.

“துங்கபத்திரா!”

நாலு வீதியும் அதிர்ந்தது. “ஏ துங்கபத்திரா! துங்கபத்திரா! துங்கபத்திரா!”

எத்தனையோ வருஷமாகப் பூட்டியிருந்த வார்த்தை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் செய்தி வாசிப்பவன்போல் சொன்னேன் அல்லவா, அதெல்லாம் இதன் கால் தூசிக்கு வராது.

கம்பத்துக்கு எதிரே, புளியங்குடியிலிருந்து வந்து வளையல் கடை போட்டிருந்த ஒரு அம்மாள், பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். “இந்தா இருக்கா! இந்தா இருக்கா உங்க துங்கபத்திரா!”

பந்தலுக்குக் கொண்டுவந்து விட்டவர் சொன்னார். “துங்கான்னு கூப்பிடுதாவளே, நீயாட்டின்னு கேட்டேன். நான் துங்கா இல்ல, துங்கபத்திரான்னு வீம்பா நிக்கா. வேற பிள்ளையத் தேடுதாவன்னுல்லா நெனச்சேன்.”

பரவிய பேர்

இதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று தபசுக்கு வந்தவர்கள் காதில் எல்லாம் அந்தப் பெயர் விழுந்திருந்தது. கூட்டத்தில் சூலிகள் எத்தனை பேர் இருந்தார்களோ! அடுத்த வருஷம் மைக் கட்ட ஒரு கிராமத்துக்குப் போனால், தொட்டிலில் துங்கபத்திரா. அதற்கடுத்த ஊரில் இன்னொரு துங்கபத்திரா. எங்கள் தெருவிலேயே இரண்டு. “மைக்குல ஒரு பேரு சொன்னியளே அண்ணாச்சி, அதத் திருப்பி ஒருக்கச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்று ஒருவர் கடைக்கே வந்து கேட்டார். அந்த ஊர்களில் எல்லாம் அந்த நதியைப் பார்த்தவர் எங்கள் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

நம் பிள்ளை பெயர் இப்படிப் பொதுவாகிவிட்டதே என்று எனக்குக் குறை. மதினியிடம் சொன்னேன்.

“இருக்கட்டுமே கொழுந்தனாரே. அந்தப் பிள்ளையளோட அம்மமாரும் வாயாரக் கூப்பிடட்டுமே” என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி மகன் பிறந்தான். இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவன், நல்ல புதுப் பெயராக வைத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். சங்கர் என்று வைத்தேன்.

அணைக்காத மைக்

துங்கபத்திரா தொலைந்த அந்தச் சாயங்காலத்தில் இன்னொன்றும் நடந்தது.

அம்மாவின் குரலைக் குழாயில் கேட்டு மதினி வீட்டிலிருந்து ஓடி வந்தார். பின்னாலேயே பெரியவள் கோமதியும் ஓடி வந்திருக்கிறாள். கூட்டம் குறுக்கே புகுந்ததில் அவள் வீதிக்கு அந்தப் பக்கம் ஜவ்வுமிட்டாய்க்காரர் அருகே நின்றுவிட்டாள். நான் கிழிந்த வேட்டியோடு பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது, மேசைக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் நடுவில் பிள்ளையை வைத்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அத்த, நீங்க… பேரச் சொல்லிட்டியளே” என்றார் மதினி.

“சொன்னா என்ன? போய்ச் சேந்த மனுசி. வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன். அவ பேத்தி தொலைஞ்சிருந்தா அவளும் கூப்பிட்டிருப்பா” என்று மூக்கைச் சிந்தினாள் அம்மா. பிறகு வீதியைப் பார்த்தாள். “அந்தா பெரியவ நிக்கா பாரு, தெகச்சுப்போயி. கூப்பிடு அவள.”

“ஏ பாப்பா” என்றார் மதினி.

“பாப்பாவா? ஒம்பது வயசுக் கழுதைக்கிப் பாப்பாவா? பேரச் சொல்லிக் கூப்பிடு.”

மதினி சின்னவளின் தலையைத் தடவினார்.

“நான் எம்மாமியா பேரச் சொல்லிட்டேன்லா. இப்ப நீ உம்மாமியா பேரச் சொல்லு. எனக்கு முன்னாலயே சொல்லு.”

இந்தத் தடவை அம்மா கோபுரத்தைப் பார்க்கவில்லை. நேராக மதினியின் வாயைப் பார்த்தாள்.

மதினி மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். “கோமதி” என்றார். கத்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். மைக் மதினியின் தோளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாலு ரத வீதியிலும் இருந்த அத்தனை குழாய்களும், மிக மெதுவாக, “கோமதி” என்றன.

வளையல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கோயில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், பருத்தியை மடியில் கட்டி வைத்திருந்தவர்கள், கிழவிகள், குமரிகள், கைப்பிள்ளைக்காரிகள், சங்கரன்கோவிலில் இருந்த கோமதிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அம்மாவும் பழக்க தோஷத்தில், “என்னட்டி?” என்றாள்.

ஓடி வந்தது ஒருத்திதான்.